ஏழாம் எண் ஆய்வேடு

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு வருவதைச் சொல்வது எளிது. கேஸை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் காக்ஸ் டவுன் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடியது எத்தனை தடவை என்று கணக்கில்லை. என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார், கிண்டல் பிடித்தவர். "பயப்பட ஒண்ணும் இல்லாத நாள்ல, ஏன் ஒண்ணும் இல்லன்னு பயப்படுவா இவ" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார்.

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கு உதவி நூலகர் வேலை. புத்தகம் கொடுத்து வாங்கும் வேலை என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் என் நாளில் பாதி கையெழுத்துப் போடுவதிலேயே போகும். எந்த ஆய்வு மாணவர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாலும் அதற்கு முன் அது என் மேசைக்கு வரவேண்டும். நான் அதை ஒரு மென்பொருளில் போடுவேன். வேறு எங்கிருந்தாவது எடுத்த வரிகளை அது சிவப்பாக்கிக் காட்டும். சிவப்பு அளவோடு இருந்தால் சான்றிதழில் கையெழுத்து, மிஞ்சினால் திருப்பி அனுப்பு. ஒருமுறை, தலை நரைக்கத் தொடங்கியிருந்த ஒரு ஆய்வு மாணவர் என் மேசைக்கு முன் நின்று, "ரெண்டே பாராதான் மேடம், விட்டுடுங்க" என்று கண் கலங்கினார். "ரெண்டு பாரான்னாலும் திருட்டு திருட்டுதானே சார்" என்று சொல்லி அனுப்பினேன். அதை நினைத்தால் இப்போது காது மடல் சுடுகிறது.

முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வருடத் தொடக்கத்தில் நூலகத்தைப் பற்றி நாங்கள் ஒரு மணி நேரம் வகுப்பு எடுப்போம். பிள்ளைகள் அழகாகத் தூங்குவார்கள். போன வருடம் எங்கள் தலைமை நூலகருக்கு ஒரு யோசனை வந்தது. பாடத்தை நாம் மட்டும் செய்யாமல் மாணவர்களைக் கூட்டு சேர்த்துக்கொண்டு செய்தால் என்ன? சின்னச் சின்ன வீடியோ, கூடவே இரண்டு பக்கக் குறிப்பு, கடைசியில் ஐந்து கேள்வி. அவர் மைசூர்க்காரர், கண்டிப்பானவர், ஆனால் புதிது என்றால் குழந்தை மாதிரி குஷியாகிவிடுவார். "நோடி மேடம், பொறுப்பு உங்களுடையது" என்று என் தலையில் கட்டினார். என்னிடம் அவர் பேசுவது பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ். 'பாருங்கள்' என்கிற அந்த 'நோடி'யை மட்டும் விட்டுவிட்டு மற்றதை இங்கே தமிழில் சொல்கிறேன்.

மூன்று பேர் சேர்ந்தார்கள். படம் எடுக்கவும் வெட்டி ஒட்டவும் பிரேசர் டவுன் பையன் ஒருவன். வீட்டில் உருது, எங்களிடம் தமிழ், கேன்டீனில் கன்னடம் என்று ஆளுக்கேற்ற நாக்கு அவனுக்கு. கன்னட எழுத்து வேலைக்கு மண்டியாவிலிருந்து ஒரு பெண். மூன்றாவது, ஊருக்கு வெளியே சந்தாபுராவிலிருந்து வருகிற தமிழ்ப் பெண், எம்.ஏ. முதல் வருடம். அப்பா அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. காலையில் இரண்டு பஸ் மாறி வருவாள், ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. எதைக் கொடுத்தாலும் முழுசாகப் படிக்கிற பெண். அடுத்து நூலக அறிவியல் படிக்க வேண்டும், அதற்கு முன் கோடை விடுமுறையில் ஒரு பெரிய நூலகத்தில் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது அவள் கனவு. அதற்கு எங்கள் சான்றிதழும் அவள் துறையின் நல்வார்த்தையும் வேண்டும்.

இரண்டாம் மாடியில் பழைய பத்திரிகைகள் அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து எங்களுக்குக் கொடுத்தார்கள். உள்ளே போகும் மாணவர் வாசலில் இருக்கும் பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுத வேண்டும். ஊழியர்கள் எழுதத் தேவையில்லை. அங்கே ஒரு கம்ப்யூட்டர். பழைய ஆய்வேடுகளை ஸ்கேன் செய்து நூலகத்தின் இணையச் சேமிப்பில் ஏற்றிக்கொண்டிருந்த நேரம் அது. பிள்ளைகள் அதில் விவரங்களைத் திருத்த உதவட்டும் என்று மூவருக்கும் பொதுவாக ஒரு லாகின் வாங்கிக் கொடுத்தேன். பாஸ்வேர்டை மஞ்சள் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியதும் நானே. நூலகர்கள் ஊருக்கெல்லாம் பாஸ்வேர்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டுத் தாங்கள் இப்படித்தான் வைப்பார்கள்.

முதல் இரண்டு பாடமும் சிரிப்பும் கூத்துமாக முடிந்தன. கேமராவைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "மேம், ஆதார் கார்டு போட்டோவுக்கு உக்காந்த மாதிரி உக்காராதீங்க" என்று பையன் கெஞ்சுவான்.

மூன்றாவது பாடம், பார்த்து எழுதுவதைப் பற்றி. எது மேற்கோள், எது திருட்டு என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க வேண்டும். கற்பனையாக ஒரு உதாரணம் எழுதினால் சப்பென்று இருக்கிறது, நிஜமான ஒன்று வேண்டும் என்றார்கள் மூவரும். எனக்கும் சரி என்று பட்டது. "நம்மகிட்ட ஏத்தியிருக்கிற பழைய எம்.ஃபில். ஆய்வேடுல பத்து எடுங்க. முதல்ல பேர் இருக்கிற பக்கத்தையெல்லாம் வெட்டிடுங்க. ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போடுங்க. யாரு எழுதினதுன்னு நமக்கே தெரியக் கூடாது" என்றேன். அவ்வளவு நியாயமாக ஒரு ஏற்பாடு செய்ததில் எனக்குப் பெருமைகூட. பக்கங்களை வெட்டும் வேலையைச் சந்தாபுரா பெண் எடுத்துக்கொண்டாள்.

பத்தையும் மென்பொருளில் போட்டாயிற்று. பட்டியலைப் பார்த்தால் ஏழாம் எண்ணில்தான் சிவப்பு அதிகம். அதுவும் இரண்டாம் அத்தியாயம் முழுக்க, மழைக்குப் பிறகு குல்மோகர் மரத்தடி மாதிரி.

"ஏழு வேணாம் மேம்" என்றாள் அவள். "ஸ்கேன் மங்கலா இருக்கு. நாலு எடுத்துக்கலாம்."

"நாலுல என்ன இருக்கு? அங்க ஒரு வரி, இங்க ஒரு வரி. ஏழுதான் பளிச்சுனு இருக்கு."

"ஆறு கூட நல்லா இருக்கு மேம்."

அவள் இப்படி மல்லுக்கு நின்று நான் பார்த்ததில்லை. வேலை கூடும் என்று சோம்பல்படுகிறாள் என நினைத்தேன். "ஏழுதான். இதுல பேச்சே இல்ல" என்று முடித்துவிட்டேன். அந்த நிமிடம் வரை நான் அதில் ஒரு வரிகூடப் படித்திருக்கவில்லை.

மறுநாள் ப்ரொஜெக்டரில் இரண்டாம் அத்தியாயத்தைப் போட்டு, எந்தப் பத்தியைப் படம் பிடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பையன் திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தான்.

"மேம், இங்க பாருங்க. 'மேலே கண்ட நான்காம் அட்டவணையிலிருந்து இது தெளிவாகிறது'ன்னு இருக்கு. மொத்த ஆய்வேட்டுலயும் அட்டவணையே மூணுதான். காப்பி அடிக்கிறதுலகூட ஒரு சுத்தம் வேணாமா? எந்தப் புண்ணியவான்னு தெரியலயே!"

மண்டியாப் பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பத்தியின் அடுத்த வரி என்னவென்று படிக்காமலே எனக்குத் தெரிந்தது.

ஏழாம் எண் என்னுடையது.

அப்போது நான் இதே நூலகத்தில் தற்காலிக ஊழியர். பகலில் வேலை, மிச்ச நேரத்தில் எம்.ஃபில். கைக்குழந்தை. இரண்டு முறை அவகாசம் வாங்கியாயிற்று, மூன்றாவது முறை தரமாட்டார்கள். என் நெறியாளர் பொருளடக்கத்தைத் தாண்டி எதையும் படிக்காதவர். வேறொரு பல்கலைக்கழகத்தில் யாரோ எழுதிய ஆய்வேட்டின் ஜெராக்ஸ் ஒன்று தோழி மூலம் கிடைத்தது. ஒத்துப்போகிற தலைப்புதான். சிவாஜி நகரில் ஒரு டைப்பிங் சென்டரில் அந்த ஜெராக்ஸைக் கொடுத்து, இங்கிருந்து இதுவரை என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன். நானே கையால் பார்த்து எழுதியிருந்தால்கூட இரண்டு வார்த்தை மாறியிருக்கும். அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. டைப் அடித்தவர் கேட்டார், "நடுவுல ஒரு டேபிள் இருக்கே மேடம், அதையும் போடணுமா?" நேரமாகும் என்று, வேண்டாம் என்றேன்.

அந்தப் பட்டத்தைக் காட்டித்தான் இந்த வேலை நிரந்தரமானது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அந்தப் பக்கம் நினைப்பைப் போகவிடுவதில்லை, அவ்வளவுதான். எங்கள் துறையின் ஆய்வேடுகளை ஸ்கேன் செய்ய இன்னும் ஒரு வருடமாவது ஆகும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். யாரோ பெட்டியை மாற்றி எடுத்து ஏற்றிவிட்டார்கள். அந்த இன்னொரு பல்கலைக்கழகமும் தன்னுடையதை இணையத்தில் போட்டுவிட்டது. இரண்டும் மென்பொருளுக்குள் சந்தித்துக்கொண்டன.

அன்று வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. கணவர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் குக்கர் விசில் காதில் விழுந்தது. தோண்டித் தோண்டிக் கேட்டார். தலைவலி என்றேன். படுத்தால் ஒரே நினைப்பு: அந்த மூன்று பேரில் யாராவது ஆர்வக்கோளாறில் சேமிப்பைத் திறந்து, நான்காம் அட்டவணை என்று தேடினால் போதும். முதல் பக்கத்தில் என் பெயர், கீழே அப்பாவின் பெயர். வேலை போகும். வேலை போனாலும் போகட்டும், அந்த நரைத்த தலைக்காரர் கேள்விப்படுவாரே. "திருட்டு திருட்டுதானே மேடம்" என்று அவர் கேட்பது போலவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம், பிள்ளைகள் சாப்பிடப் போன நேரம், அந்த அறைக்குப் போனேன். சேமிப்பிலிருந்து ஒரு ஆய்வேட்டை மறைத்து வைக்க இரண்டு க்ளிக் போதும். என் சொந்த லாகினில் செய்திருக்கலாம். செய்தால் என் பெயர் பதிவாகும். மஞ்சள் சீட்டைப் பார்த்தேன். பிள்ளைகளின் பொது லாகினில் நுழைந்து, என் ஆய்வேட்டை மறைத்துவிட்டு, வெளியே வந்தேன். அவசரத்தில் பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்திருந்தேன். வெளியே வந்ததும் எனக்குள் வந்தது நிம்மதி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதிதான். அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை காலை, சேமிப்பைக் கவனித்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் தலைமை நூலகருக்கு ஒரு மெயில் அனுப்பினார். அனுமதி இல்லாமல் ஒரு ஆய்வேடு மறைக்கப்பட்டிருக்கிறது, மாணவர் குழுவின் லாகினில் இருந்து, செவ்வாய் மதியம், எண் இது, திரும்பவும் திறந்து வைத்தாயிற்று. எண் என்றால் பத்துப் பன்னிரண்டு இலக்கம். அது யாருடைய ஆய்வேடு என்று அவரும் பார்க்கவில்லை, தலைமை நூலகரும் பார்க்கவில்லை. யார் கை வைத்தது என்பது மட்டும்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அந்த மெயிலின் நகல் எனக்கும் வந்தது. அந்த எண்ணின்மேல் யாராவது ஒரு தடவை அழுத்தினால் என் பெயர் வந்துவிடும் என்று, நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேர்த்துக் கொட்டினேன்.

வாசல் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார்கள். செவ்வாய் மதியம் அந்த நேரத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. சந்தாபுராப் பெண்ணுடைய பெயர்.

தலைமை நூலகரின் அறையில் அவள் நின்றாள். நான் அவள் பொறுப்பாளர் என்ற முறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"நீ அந்த நேரம் அறையில் இருந்தாயா?"

"வந்தேன் சார். உடனே போய்ட்டேன்."

"ஃபைலை யார் மறைத்தது?"

"நான் இல்ல சார்."

"அப்போது வேறு யார் இருந்தார்கள்?"

அவள் என் பக்கம் ஒரு கணம் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். இவளுக்குத் தெரியும் என்று எனக்கு அப்போதே பட்டிருக்க வேண்டும். பயம் கண்ணை மறைத்துவிட்டது. அவர் கை மௌஸ்மேல் இருந்தது, திரையில் அந்த மெயில் திறந்திருந்தது. பேச்சை எப்படியாவது முடித்துவிட வேண்டும், அந்தக் கை அசையக் கூடாது, இது மட்டும்தான் என் மண்டையில் ஓடியது. அந்த அவசரத்தில் வாயைத் திறந்தேன்.

"விடுங்க சார். தெரியாம தட்டியிருக்கும். சின்னப் பொண்ணு."

கேட்பவருக்கு அது பரிந்து பேசுவது போல இருக்கும். தலைமை நூலகருக்கு அப்படித்தான் இருந்தது. "நீங்கள் சொல்வதால் பெரிதாக்கவில்லை மேடம்" என்றார். ஆனால் செய்ததைச் செய்யவில்லை என்று சொன்னதை அவரால் ஏற்க முடியாது. திங்கட்கிழமைக்குள் அவள் தவறை ஒப்புக்கொண்டு எழுதித் தர வேண்டும், என் கையெழுத்தோடு வர வேண்டும். குழுவிலிருந்து விலக வேண்டும். சான்றிதழ் கிடையாது. துறைக்கு ஒரு கடிதம் போகும். கோடைப் பயிற்சியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. அவள் "சரி சார்" என்று போய்விட்டாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவத்தைச் செய்தவளே பழியைச் சுமந்துபோய் இன்னொருத்தி தலையில் வைத்தாள்.

சனிக்கிழமை சாயந்தரம் எங்கள் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்பார்கள்; செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது. வரிசையில் நின்றேன். சாமியாரிடம் ஆய்வேட்டைப் பற்றிச் சொன்னேன், டைப்பிங் சென்டர் வரை சொன்னேன். செவ்வாய்க்கிழமையைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவர் இளைஞர், பாவம், நான் எதற்கு இப்படி நடுங்குகிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. "ரொம்பப் பழைய விஷயம்மா, கடவுள் மன்னிப்பாரு" என்று ஜெபம் சொல்லச் சொன்னார். பழைய பாவத்தைச் சொல்லிப் புதியதை விழுங்கிய எனக்கு அந்த மன்னிப்பு ஒட்டவில்லை. கடவுளிடமே எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்த மாதிரி இருந்தது. சொல்லாத பாவத்தோடு நற்கருணை வாங்கக் கூடாது என்பதால் ஞாயிறு பூசையில் அதை வாங்கப் போகவில்லை. கணவர் பார்த்தார், கேட்கவில்லை. அவர் கிண்டல் செய்யாததே எனக்குப் பயமாக இருந்தது.

திங்கள் காலை பதினொரு மணிக்கு அந்தப் பெண் என் மேசைக்கு வந்தாள். கையில் கோடு போட்ட தாளில் எழுதிய கடிதம். கீழே அவள் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் எனக்காக விட்ட இடம்.

படித்தேன். செவ்வாய் மதியம் விவரங்களைத் திருத்தும்போது கவனக் குறைவால் ஒரு ஆய்வேட்டை மறைத்துவிட்டதாகவும், பயத்தில் இல்லை என்று பொய் சொன்னதாகவும் எழுதியிருந்தாள். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. நல்ல கையெழுத்து.

"நீ செய்யலையேம்மா" என்றேன்.

"பரவால்ல மேம்."

"பின்ன ஏன் எழுதின?"

சுற்றிப் பார்த்தாள். பக்கத்து மேசைக்காரர் தேநீருக்குப் போயிருந்தார். குனிந்து மெதுவாகப் பேசினாள். "செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு டப்பா எடுக்க வந்தேன் மேம். நீங்க கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்தீங்க. உங்க முதுகுதான் தெரிஞ்சுது. ஸ்க்ரீன்ல அந்தப் பக்கம் இருந்துச்சு. அப்டியே திரும்பிப் போய்ட்டேன்."

"அந்தப் பக்கம்னா?"

"உங்க பேர் போட்ட பக்கம். எனக்கு மொதல்லயே தெரியும் மேம். நான்தானே வெட்டினேன்." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "லிஸ்ட்ல உங்க பேர் பாத்ததும் மேம்மோடது இருக்கேன்னு ஆசையா எடுத்தேன். நல்லா எழுதினதுக்கு உதாரணமா வெக்கலாம்னு. அவ்ளோ சிவப்பா வரும்னு எனக்கு என்ன தெரியும்? அதான் ஏழு வேணாம்னேன். நீங்க கேக்கல."

கடிதத்தை மேசைமேல் வைத்தேன்.

"நான் யார்கிட்டயும் சொல்லல மேம். வீட்டுலகூட. சொல்லிடுவேனோன்னு நீங்க என்னைய எதாச்சும் செஞ்சிடுவீங்களோன்னு நாலு நாளா தூக்கமே இல்ல. நான் எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுடும் இல்ல? நீங்க பயப்படாதீங்க. சைன் மட்டும் போடுங்க."

வாழ்நாள் முழுக்க யார் யாருக்கோ, எது எதற்கோ பயந்திருக்கிறேன். என்னைப் பார்த்து ஒருவர் பயப்படக்கூடும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. இரண்டு பஸ் மாறி வருகிற பெண், என் பெயரைப் பார்த்து ஆசையாக எடுத்த பெண், நான் அவளை ஏதாவது செய்துவிடுவேன் என்று தூங்காமல் இருந்திருக்கிறாள். அவள் பயந்ததில் தப்பும் இல்லை. நான்தான் செய்துவிட்டேனே.

பேனாவை எடுத்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கையெழுத்துக்கான இடத்தை விரலால் காட்டினாள். பேனாவை மூடி வைத்துவிட்டு, தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். "வா" என்றேன்.

"எங்க மேம்?"

"சார் ரூமுக்கு."

மாடிப்படி ஏறினோம். நடுவில் நின்று, நாளைக்குச் சொன்னால் என்ன, வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் என்ன என்றெல்லாம் நினைத்தேன். அவள் பின்னால் வருகிற செருப்புச் சத்தம் கேட்காமல் இருந்திருந்தால் திரும்பியிருப்பேன். இது உண்மை.

தலைமை நூலகர் கையை நீட்டினார். "கடிதமா? கொடுங்கள்."

"சார், இந்தப் பொண்ணு செய்யல. நான் செஞ்சேன்."

அவர் சிரித்தார். "நோடி மேடம், உங்களுக்கு இளகின மனசு. எனக்குத் தெரியும். மாணவர் தவறை நீங்கள் தலையில் போட்டுக்கொண்டால் அவர்கள் எப்படித் திருந்துவார்கள்?" என்று கடிதத்துக்காகக் கையை நீட்டியபடியே இருந்தார். பதினாறு வருடமாக நான் சம்பாதித்து வைத்திருந்த நல்ல பெயர் எனக்கு எதிராக நின்றது. ஒரு தடவை சொல்வதற்கே உயிர் போயிருந்தது, இப்போது இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டும். அவர் நம்பாததை வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம் என்று ஒரு ஆசைகூட எழுந்தது. சொல்லிப் பார்த்தேன், அவர்தான் கேட்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

"சார், அந்த மெயிலைத் திறங்க. அதுல இருக்கிற நம்பரை அழுத்துங்க."

அழுத்தினார். திறக்கச் சற்று நேரம் பிடித்தது. எங்கள் இணையம் அப்படித்தான். முதல் பக்கம் வந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு திரும்பவும் திரையைப் பார்த்தார்.

"உங்கள் ஆய்வேட்டை நீங்களே ஏன் மறைக்க வேண்டும்?"

"ரெண்டாம் அத்தியாயம் என்னுது இல்ல சார். காப்பி அடிச்சது. பிள்ளைங்க கண்டுபிடிச்சிட்டாங்க, யாருதுன்னு தெரியாம. மறைச்சது நான்தான், அவங்க லாகின்ல. வியாழக்கிழமை இங்கயே உக்காந்துக்கிட்டு, பழி இவமேல விழறதப் பாத்துக்கிட்டு, தெரியாம தட்டியிருக்கும்னு சொன்னதும் நான்தான்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு எப்போது போனது என்று நான் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம், "நீ வகுப்புக்குப் போம்மா. உன்மேல் ஒன்றும் இல்லை" என்றார். அவள் போகாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தலையை ஆட்டிய பிறகுதான் போனாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் என் முன்னால் வைத்தார். எழுதினேன். முழுக்க என் சொந்த வாக்கியங்கள்.

விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். இப்போது நான் பைண்டிங்குக்குப் போகும் பத்திரிகைகளை எண்ணிக் கட்டுகிறேன். அந்தப் பெண் கோடைப் பயிற்சிக்குத் தேர்வாகிவிட்டாள் என்று பிரேசர் டவுன் பையன் வந்து சொன்னான். அவளாக வந்து சொல்லவில்லை. அவள் என்னிடம் பேசியே ஆகவேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை.

சொல்லிவிட்டேன், பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. பதிவாளர் அலுவலகக் கவர் என்றால் அதைப் பிரிக்க எனக்கு இன்னும் அரைநாள் ஆகிறது. கணவரிடம் எல்லாம் சொன்ன அன்று அவர் எழுந்து போய்க் கேஸைப் பார்த்துவிட்டு வந்து, "இனிமே கேஸ மூடினோமான்னு நான் பாத்துக்கறேன், நீ இத மட்டும் பாரு" என்றார். நான் அழுதேன். இருக்கிற பயம் முழுக்க இப்போது என்னிடம்தான் இருக்கிறது, அதில் ஒரு துளிகூடச் சந்தாபுரா பஸ்ஸில் ஏறிப் போவதில்லை.